ஊசல் ஆடும் மணிக்கூடு

மட்டக்களப்புக் கல்லடியில் ஒரு மேடை நாடகத்துக்குப் போடியார் (பெரிய வயற்காரர்) வீட்டு மணிக்கூடு ஒன்று செய்து தரக் கேட்டார்கள். நேரம் காட்டத் தேவையில்லை, முள்ளுகளைக் கீறிவிட்டால் போதும். ஊசல் மட்டும் ஆட வேண்டும். ரெஜிபோம் என்ற பாரமில்லாத வெள்ளை நுரைப்பலகையில் ஐந்தடிப் பெட்டி, உள்ளே 60 சென்ரிமீற்றர் தண்டு, அதன் நுனியில் பொன்நிறத் தாள் ஒட்டிய பால்மாப் பேணி மூடி.

எல்லாருக்கும் முதலில் தோன்றுவதுதான் எனக்கும் தோன்றியது. விளையாட்டுக் காரில் கழற்றிய பற்சக்கர மோட்டர், அச்சில் ஒரு சிறு தட்டு, தட்டின் ஓரத்திலிருந்து தண்டுக்கு ஒரு கம்பி. ஆடத்தான் செய்தது, மழைக்குள் ஓடும் பஸ்ஸின் வைப்பர் மாதிரி. ஒத்திகை பார்க்க வந்த சிறுவர்கள் சிரித்துவிட்டார்கள்.

சிரிப்புக்குக் காரணம் பள்ளிக்கூடத்தில் படித்த அலைவுகாலம். ஒரு ஊசல் போய்வர எடுக்கும் நேரத்தை அதன் நீளமும் புவியீர்ப்பும் தீர்மானிக்கின்றன. பாரத்துக்கு அதில் பங்கில்லை. 25 சென்ரிமீற்றர் ஊசல் போய்வர ஏறத்தாழ 1 செக்கன். நீளம் நான்கு மடங்கானால் நேரம் இரண்டு மடங்கு. என்னுடைய 60 சென்ரிமீற்றருக்கு 1.55 செக்கன் வரவேண்டும். மோட்டரோ அதை ஒரு செக்கனுக்குள் ஆட்டி முடித்தது. தொட்டில் காலத்திலிருந்து ஆடுவதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்தப் பொய் உடனே பிடிபடுகிறது.

சித்திரை வருசத்துக்கு மரத்தில் கட்டும் ஊஞ்சலை நினைத்துப் பாருங்கள். தள்ளுகிறவர் பலகையைப் பிடித்துக்கொண்டே ஓடுவதில்லை. அது தன்னிடம் வந்து திரும்பும் வரை காத்திருந்து, திரும்பும்போது லேசாக ஒரு தள்ளு. தாளம் ஊஞ்சலுடையது, காற்றும் கயிறும் தின்ற சக்தியை மட்டும் அவர் ஈடுசெய்கிறார். பாடப்புத்தகம் இதைப் பரிவு என்கிறது.

கடையில் வாங்கும் குவார்ட்ஸ் சுவர் மணிக்கூடுகளின் ஊசலும் இப்படித்தான் ஆடுகிறது. 1656இல் ஒல்லாந்து விஞ்ஞானி ஹைகன்ஸ் செய்த மணிக்கூட்டில் நேரத்தைக் காத்தது ஊசல். இன்றோ செக்கனுக்கு 32,768 தடவை அதிரும் குவார்ட்ஸ் படிகம் நேரத்தைப் பார்த்துக்கொள்கிறது, ஊசல் சும்மா அழகுக்கு.

சரி, அந்தத் தள்ளை யார் கொடுப்பது? மூடியின் பின்புறம் ஒரு காந்தம். தகரம் என்பதால் தானாகவே ஒட்டிக்கொள்ளும். ஊசல் நேராகத் தொங்கும் இடத்தில், பின்பலகையில், இரும்பு உட்கரு இல்லாத கம்பிச்சுருள். அதில் தனித்தனிக் கம்பியால் பல தடவை சுற்றிய இரண்டு சுற்றுகள். காந்தம் கடக்கும்போது ஒரு சுற்றில் சிறு மின்னழுத்தம் தூண்டப்படும். அது ட்ரான்சிஸ்டர் என்ற மின்கதவைத் திறக்க, பற்றரியின் மின்னோட்டம் மற்றச் சுற்றில் ஒரு கணம் பாய்ந்து காந்தத்தைத் தள்ளும். காந்தம் விலகியதும் எல்லாம் அடங்கிவிடும். எப்போது தள்ள வேண்டும் என்பதை ஊசலே சொல்லிவிடுகிறது. காந்தத்தைத் திருப்பி ஒட்டினாலும் ஆடும். ஒரு சுற்றின் இரு முனைகளை மட்டும் மாற்றிக் கொடுத்தீர்களானால், தள்ள வேண்டிய சுருள் பிடித்து நிறுத்தும். எனக்கு ஒரு பின்னேரம் முழுக்க இதில் போயிற்று.

அப்புறம் பாரம். வெறும் மூடி நாலைந்து ஆட்டத்திலேயே சோர்ந்து போனது. பின்னால் நாலு பெரிய நட்டுகளை ஒட்டினேன். நட்டுகளின் நடு மூடியின் நடுவோடு பொருந்தியதால் அலைவுகாலம் பெரிதாக மாறவில்லை. ஆனால் பாரமான ஊசல் தேக்கி வைக்கும் சக்தி அதிகம். காற்று அதைச் சுலபத்தில் தின்று முடிக்காது. என்றாலும் கச்சான் காற்று அடிக்கும் மாதத்தில் திறந்த மேடை என்றால் முன்பக்கத்தைத் தெளிந்த பொலித்தீனால் மூடிவிடுங்கள்.

இன்னொன்று, அசையாத காந்தம் எதையும் தூண்டாது. ஆகவே முதல் தட்டு விரலால்தான். அரங்கேற்றத்தன்று திரை விலகுமுன் அதைத் தட்ட மறந்துவிட்டோம். முதற்காட்சி முழுக்கப் போடியார் நின்றுபோன மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து, "நேரம் போகுது, நேரம் போகுது" என்று வேலையாட்களை விரட்டிக்கொண்டிருந்தார்.