லமாசு: சொல்லும் பொருளும்

இன்றைய வட ஈராக்கில் இருந்த பண்டைய அசீரியப் பேரரசின் அரண்மனை வாயில்களின் இருபுறமும் நின்ற, மனிதத் தலையும் பறவைச் சிறகும் எருதின் அல்லது சிங்கத்தின் உடலும் கொண்ட பெருங்கற்சிலைகளை இன்று தொல்லியல் நூல்கள் லமாசு என்று அழைக்கின்றன. சுருள் சுருளாகத் தாடி தொங்கும் இந்த உருவத்தின் மேல் ஏறியிருக்கும் பெயர், முதலில் ஒரு பெண் தெய்வத்துக்கு உரியதாக இருந்தது என்பதுதான் இச்சொல்லின் வரலாற்றில் வியப்பானது.

இன்றைய தென் ஈராக்கில் பழங்காலத்தில் பேசப்பட்ட சுமேரிய மொழியில் லம்மா என்றால் ஒருவரைக் காத்து நிற்கும் நற்தெய்வம். ஈரக் களிமண்ணில் உருட்டிப் பதிக்கும் உருளை முத்திரைகளில் இத்தெய்வம் இரு கைகளையும் உயர்த்தி, தன் அடியவனுக்காகப் பெருந்தெய்வத்திடம் பரிந்து பேசும் பெண்ணாகக் காட்சி தருகிறது. அச்சொல், பின்னர் அசீரியரும் பேசிய அக்காதிய மொழியில் லமஸ்ஸு ஆனது. அதற்கு இணையான ஆண் காவல் தெய்வத்தைச் சுமேரியர் அலாத் என்றும் அக்காதியர் ஷேது என்றும் அழைத்தனர். அசீரிய அரசர்கள் ஆப்பு வடிவக் கீறல்களால் ஆன ஆப்பெழுத்தில் பொறித்த தங்கள் கல்வெட்டுகளில் வாயிற்சிலைகளைக் குறிக்கும்போது, ஆண் பெயரையும் பெண் பெயரையும் ஒட்டிய அலத்லம்மு என்ற கூட்டுச்சொல்லையும் ஆண்டிருக்கிறார்கள். பிற்கால ஆய்வாளர்கள் அதன் ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொள்ள, அதுவே நிலைத்துவிட்டது.

இரண்டாம் அசூர்நசிர்பால் (கி.மு. 883–859) நிம்ரூதில் எழுப்பிய அரண்மனையிலும், இரண்டாம் சர்கோன் (கி.மு. 721–705) கோர்சாபாத்தில் எழுப்பிய அரண்மனையிலும் இச்சிலைகள் நின்றன. இவை 'மோசூல் பளிங்கு' எனப்படும் ஜிப்சக் கல்லில் செதுக்கப்பட்டவை. கோர்சாபாத்தில் அகழ்ந்தெடுக்கப்பட்டு இப்போது சிகாகோவில் இருக்கும் ஒரு சிலை மட்டுமே ஏறத்தாழ 40 டன் எடை. தலையில் உள்ள கொம்புகள் பொருந்திய கிரீடம், இது விலங்கன்று, தெய்வம் என்பதற்கு அடையாளம். இவற்றுக்கு ஐந்து கால்கள் உண்டு: எதிரே நின்று பார்ப்பவனுக்கு இரு முன்னங்கால்களை ஊன்றி அசையாமல் நிற்பதாகவும், வாயிலுக்குள் நுழைந்து பக்கவாட்டில் பார்ப்பவனுக்கு நான்கு கால்களில் நடந்து வருவதாகவும் தோன்ற வேண்டும் என்பதற்காகச் சிற்பி செய்த உத்தி அது. சர்கோனின் மகன் செனகெரிப் நினிவேயில் நிறுவியவற்றில் ஐந்தாவது கால் கைவிடப்பட்டது.

தமிழில் இதற்கு என்ன சொல்வது? படத்தை முதலில் பார்க்கும் தமிழருக்குக் காமதேனு நினைவுக்கு வரக்கூடும். ஆனால் அது கேட்டதைக் கொடுக்கும் பசு, காவல் அதன் தொழிலன்று. சிங்க உடல் கொண்ட வகைக்கு நம் கோயில்களில் காணும் புருஷாமிருகம் உருவத்தால் நெருங்கி வருகிறது, எருதுக்கோ அது பொருந்தாது. துவாரபாலகர் என்பது தொழிலைச் சரியாகச் சொன்னாலும், கதாயுதம் ஊன்றி நிற்கும் மனித வடிவை நம் மனத்தில் எழுப்பிவிடுகிறது. சிலப்பதிகாரத்தில் வரும் காவற்பூதம் அழகிய பழஞ்சொல். பறவைத் தலை மனிதர் முதலிய மற்ற அசீரியக் காவல் உருவங்களையும் சேர்த்துச் சுட்டும் பொதுச்சொல்லாக அதை வைத்துக்கொள்ளலாம்.

இச்சிலைக்கு மட்டும் உரிய பெயராகக் காவலேறு என்பதைப் பரிந்துரைக்கிறேன். ஏறு என்றால் காளை என்றே இன்று நினைக்கிறோம், ஆயினும் ஆண் சிங்கத்தையும் அரியேறு என்பது தமிழ் வழக்கு. ஆகவே ஒரே சொல் எருதுடலையும் சிங்கவுடலையும் அணைத்துக்கொள்கிறது, தாடிக்கேற்ற ஆண்மைப் பொருளையும் தருகிறது. சிறகும் மனிதத் தலையும் அதில் இல்லை என்பது குறைதான். முதன்முறை எழுதும்போது 'மனிதத்தலைச் சிறகுக் காவலேறு' என விரித்துவிட்டுப் பின்னர் சுருக்கமாக ஆளலாம்.

மூலப்பெயரையே எழுத விரும்புவோர் லமாசு என்றோ லமஸ்ஸு என்றோ எழுதட்டும். கிரந்தத்தைத் தவிர்க்கும் ஆர்வத்தில் லமச்சு என்று இரட்டித்தால் தமிழ் வாய் அதை 'அச்சு' போல் ஒலித்துவிடும். முத்திரைகளில் கையுயர்த்தி நிற்கும் பழைய சுமேரியப் பெண் தெய்வத்துக்கு மட்டும் காவலேறு ஆகாது. அங்கே லம்மா என்ற பெயரையே இட்டு, காவல் தெய்வம் என்று விளக்குவதே முறை.