காற்றின் மேல் பழி, வில்லின் மேல் குறை

ஆனி, ஆடி மாதங்களில் பணகுடி, ராதாபுரம் பக்கம் வில் பழகுகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. எந்த அம்பு விலகினாலும் காற்றைக் குற்றம் சொல்லிவிடலாம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வந்து காற்றாலைகளைச் சுழற்றும் காற்று, சில பத்து கிராம் எடையுள்ள அம்பை நகர்த்தாதா என்ன? நகர்த்தும்தான். ஆனால் காற்று தணியும், திடீரென்று எகிறும்; அது கெடுத்த அம்புகள் பலகையில் சிதறிக் கிடக்கும். இலை அசையாத காலையிலும், கிட்டத்தில் நின்று எய்தும், அம்பு வாலை ஆட்டிக்கொண்டே போகிறது என்றால் குறை வில்லுக்கும் அம்புக்கும் உள்ள பொருத்தத்தில் இருக்கிறது.

வில்லில் குறிபார்க்கப் பொருத்தும் சைட்டை நகர்த்தினால் சரியாகிவிடும் என்பார்கள். நேராகப் பறந்து விலகும் அம்புக்கு அது சரி. கோணலாகப் பறக்கும் அம்புக்கு இருபது மீட்டரில் சரி செய்தது நாற்பதில் மறுபடி பிசகும்.

கோணல் எங்கிருந்து வருகிறது? நாணை விரலால் விடும்போது அது விரல் நுனியிலிருந்து சற்றுப் பக்கவாட்டில் வழுக்கித்தான் பின் முன்னே பாய்கிறது. நாண் வாலைத் தள்ளுகிறது. கனமான முனையோ உடனே நகர மறுக்கிறது. நடுவில் மாட்டிக்கொண்ட தண்டு வளைகிறது. பிறகு எதிர்ப்பக்கம் வளைகிறது, இப்படி நெளிந்து நெளிந்தே வில்லின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டு வெளியேறுகிறது. ராபர்ட் எல்மர் இதை வில்லாளியின் முரண் என்றார். 1930களில் கிளாரன்ஸ் ஹிக்மன் அதிவேகப் படக்கருவியால் படம் பிடித்த பிறகே இந்த நெளிவைக் கண்ணால் பார்க்க முடிந்தது. நெளிவின் வேகம் வில்லுக்குப் பொருந்தினால், வால் கைப்பிடியைக் கடக்கும் நேரத்தில் தண்டு விலகி வழிவிடும். பொருந்தாவிட்டால் உரசும், அல்லது ஒரு பக்கம் சாய்ந்தபடி கிளம்பும்.

தண்டின் இந்த விறைப்பைத்தான் ஸ்பைன் என்கிறார்கள். 28 அங்குல இடைவெளியில் இரு தாங்கிகள் மேல் அம்பை வைத்து, நடுவில் 880 கிராம் எடையைத் தொங்கவிடுவார்கள். அரை அங்குலம் தொய்ந்தால் அது 500 ஸ்பைன். எண் பெரிதானால் தண்டு இளகல். ஆனால் கடைக்காரர் காட்டும் இந்த எண்ணோடு கதை முடிவதில்லை. முனையின் எடையைக் கூட்டினாலும், வில்லின் இழுவிசையைக் கூட்டினாலும் அதே தண்டு இளகலாக நடந்துகொள்ளும்; நீளத்தைக் குறைத்தால் விறைக்கும். ஆகவே புது அம்பைச் சற்று நீளமாகவே வைத்துக்கொண்டு, சோதித்துச் சோதித்துக் கொஞ்சமாக வெட்டுவதுதான் புத்திசாலித்தனம். வெட்டியதை ஒட்ட முடியாது.

இனி சோதனை. இறகு மிக நல்ல பொருள். ஆனால் குறைகளை மூடி மறைப்பதும் அதுதான். கோணலாகக் கிளம்பிய அம்பைப் போகப் போக நேராக்கிவிடும். எனவே இறகுள்ள மூன்று அம்புகளோடு, அதே தண்டு, அதே முனையுள்ள இறகில்லா அம்பு இரண்டையும் பதினைந்து இருபது மீட்டரில் எய்ய வேண்டும். இறகில்லாதது மற்றவற்றுக்கு மேலே குத்தினால், நாணில் அம்பு பொருந்தும் இடத்தைச் சற்று உயர்த்த வேண்டும். கீழே குத்தினால் தாழ்த்த வேண்டும். வலக்கையால் நாணை இழுப்பவருக்கு அது வலப்பக்கம் போனால் தண்டு இளகல், இடப்பக்கம் போனால் விறைப்பு. மேல் கீழ்ப் பிழையை முதலில் தீர்த்துவிடுங்கள். வில்லில் அம்பு அமரும் தாங்கியில் வால் மோதித் துள்ளிக்கொண்டிருக்கும் வரை பக்கவாட்டு அளவை நம்ப முடியாது. ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுங்கள். இரண்டை மாற்றிவிட்டு எது பலித்தது என்று யோசிப்பது வீண் வேலை. பழைய தினசரித்தாளைச் சட்டத்தில் ஒட்டி அருகிலிருந்து எய்து, கிழிசலைப் பார்த்தும் இதையே அறியலாம். முனை துளைத்த இடத்துக்கு மேலே வால் கிழித்திருந்தால், பொருந்துமிடம் உயரம் என்று பொருள்.

இரு நுனிகளிலும் சக்கரங்கள் உள்ள காம்பவுண்ட் வில்லில் கணக்கு சற்று மாறும். ஹோலிஸ் வில்பர் ஆலன் 1966இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த இந்த வில்லில் நாணைப் பெரும்பாலும் விரலால் அல்லாமல் விசைக்கருவியால் விடுவதால் பக்கவாட்டு நெளிவு குறைவு. அங்கே இரு சக்கரங்களும் ஒரே நேரத்தில் சுழன்று முடிகின்றனவா என்பதுதான் முதல் கேள்வி.

வேட்டை முனைகளுக்குத் தனித் தொல்லை உண்டு. அகன்ற அலகுகள் முன்னால் சிறகுபோல் காற்றைப் பிடித்து அம்பைத் திருப்பும். பயிற்சி முனையில் தெரியாத சிறு கோணல் இதில் பெரிதாகும். காம்பவுண்டில் இந்த முனை இடப்பக்கம் போனால் தாங்கியை மயிரளவு வலப்பக்கம் நகர்த்துவார்கள். இது வேட்டைக்கு அனுமதி உள்ள நாடுகளின் பாடு. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. களக்காடு முண்டந்துறை புலிகளின் காப்பகம். வேட்டை வில் எவ்வளவு கச்சிதமாக அமைந்தாலும் நமக்கு வைக்கோல் பலகைதான் குறி.

எல்லாம் சரிசெய்த வில்லும் பங்குனி, சித்திரையில் பிசகலாம். பாளையங்கோட்டை வெயிலில் பூட்டிய காருக்குள் நாணேற்றிய வில்லை விட்டுவைத்தால் செயற்கை இழை நாண் மெல்ல நீளும். நாணுக்கும் கைப்பிடிக்கும் உள்ள இடைவெளி குறையும், காம்பவுண்டில் சக்கரங்களின் ஒத்திசைவும் கெடும். அந்த இடைவெளியை அளந்து எழுதி வைத்திருப்பவர், அம்பு விலகத் தொடங்கிய அன்று ஸ்பைனைத் தொடாமல் முதலில் அளவுகோலை எடுப்பார்.