கொர்ரீதோ: சொல் விளக்கம்

மெக்சிகோவிலும் அமெரிக்காவின் தென் எல்லையிலும் ஸ்பானிய மொழியில் பாடப்படும் கதைப்பாட்டுக்குக் கொர்ரீதோ என்று பெயர். ஆங்கில எழுத்தை வைத்துக் ‘கொரிடோ’ என்று எழுதத் தோன்றும். ஆனால் ஸ்பானியத்தில் ரகரம் அழுந்தி அதிர்கிறது. கடைசி மெய்யொலியோ நம் ‘அது’ என்ற சொல்லில் வரும் தகரத்துக்கு மிக நெருக்கம்.

வேர்ச்சொல் ‘கொர்ரேர்’, அதாவது ஓடு. சுற்றி வளைக்காமல் கதை விறுவிறுவென்று ஓடுவதால் வந்த பெயர் என்பார்கள். பெரும்பாலும் நாலடிச் செய்யுள்கள், அடிக்கு எட்டு அசை (அவர்கள் கணக்கில் உயிரொலி ஒன்றுக்கு ஓர் அசை). ஆண்டையும் ஊரையும் சொல்லித் தொடங்கி, பாடுபவர் விடைபெற்று முடிப்பது மரபு. 1910இல் வெடித்த மெக்சிகோ புரட்சி இதை ஊரெங்கும் பரப்பியது.

இந்தச் சொல்லைப் பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுவந்ததில் அமெரிக்கோ பரேதெஸுக்குப் பெரும் பங்கு உண்டு. 1915இல் டெக்சாஸின் எல்லையூரான பிரவுன்ஸ்வில்லில் பிறந்தவர். செய்தியாளராக இருந்தவர், கிட்டார் வாசித்துப் பாடவும் தெரிந்தவர். முப்பத்தைந்து வயதில் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் படிக்கச் சேர்ந்து, 1956இல் முனைவர் பட்டம் பெற்றார். ஆய்வுப் பொருள், கிரெகோரியோ கோர்தெஸ் என்ற ஒரே ஒரு மனிதரைப் பற்றிய பாட்டு.

1901 ஜூன் 12 அன்று குதிரைத் திருட்டு ஒன்றை விசாரிக்க ஷெரிஃப் (வட்டாரக் காவல் தலைவர்) ஒருவர் கோர்தெஸ் வீட்டுக்கு வந்தார். கூட வந்த மொழிபெயர்ப்பாளர், “கபாயோ மாற்றிக்கொண்டாயா?” என்று கேட்டார். கபாயோ ஆண் குதிரை. கோர்தெஸ் மாற்றி வாங்கியது யேகுவா, பெண் குதிரை. எனவே “இல்லை” என்றார். பொய் சொல்கிறான் என்று கைதுசெய்ய முனைந்தார்கள். கோர்தெஸின் அண்ணன் ரொமால்தோவை ஷெரிஃப் சுட, கோர்தெஸ் ஷெரிஃபைச் சுட்டார். பத்து நாள் தப்பியோடி, லரேடோ அருகே பிடிபட்டார். 1913இல் மன்னிப்புப் பெற்றுச் சிறையிலிருந்து வெளியே வந்தார். அரசுத் தரப்பு கொலைகாரன் என்றது. எல்லை மக்களின் பாட்டு, தன் உரிமையைக் காத்தவன் என்றது. அந்தப் பாட்டையும் சான்றாக எடுத்துக்கொண்டு வரலாற்றைத் திரும்பப் படித்ததுதான் பரேதெஸ் செய்த பெருங்காரியம். 1958இல் ஆய்வு நூலானது. 1970இல் அதே பல்கலைக்கழகத்தில் மெக்சிக-அமெரிக்க ஆய்வு மையம் தொடங்க முன்நின்றவர்களுள் அவரும் ஒருவர். பின்னால் வந்த லத்தீனோ (அமெரிக்காவில் வாழும் லத்தீன் அமெரிக்க வழிவந்தோர்) ஆய்வாளர்கள் வெகுசனப் பாட்டையும் படத்தையும் தயங்காமல் கையிலெடுக்க அவர் போட்ட பாதை உதவியது.

தமிழில் எப்படிச் சொல்வது? ‘நாட்டுப்புறப் பாடல்’ என்றால் தாலாட்டும் ஒப்பாரியும் அடங்கிவிடும். ‘ஓட்டப்பாடல்’ என்று வேரைப் பெயர்த்தால் யாருக்கும் புரியாது. ‘கதைப்பாடல்’ பொருந்துகிறது, ஆனால் நா. வானமாமலை பதிப்பித்த முத்துப்பட்டன் கதை, கான்சாகிபு சண்டை போன்றவை நெடியவை, கொர்ரீதோ சில நிமிடங்களில் முடிந்துவிடும். அளவிலும் போக்கிலும் நெருங்கியது, சந்தையில் பாடி விற்ற மலிவுப் பதிப்புக் கொலைச்சிந்து. மெக்சிகோ நகரில் வனேகாஸ் அர்ரோயோவின் அச்சகமும் இப்படித்தான் கொர்ரீதோக்களை ஒற்றைத் தாளில், ஓவியர் பொசாதாவின் செதுக்குப் படங்களோடு விற்றது. ஆனால் கொர்ரீதோ கொலையை மட்டும் பாடுவதில்லை. காதல், குதிரைப் பந்தயம், போர், இன்று போதைக் கடத்தல் வரை பாடுகிறது.

ஆகவே ‘கதைச்சிந்து’ என்பதே என் பரிந்துரை. முதன்முதலில் வரும் இடத்தில் ‘கொர்ரீதோ என்னும் கதைச்சிந்து’ என்று எழுதிவிட்டு, பிறகு கொர்ரீதோ என்றே தொடரலாம்.