வௌவாலுக்கு மணி சொல்வது யார்?

குகைக்குள் தொங்கும் வௌவாலுக்கு வெளியே பொழுது சாய்ந்தது எப்படித் தெரிகிறது? வாசலருகே இருப்பவை எட்டிப் பார்த்துக்கொள்ளலாம். வெளிச்சமே எட்டாத உள்மூலையில் கிடப்பவையும் அதே நேரத்துக்குத்தான் கிளம்புகின்றன.

பிளஸ் ஒன் படிக்கும் என் அண்ணன் மகள் இதைத்தான் உயிரியல் புராஜெக்ட்டாக எடுத்திருக்கிறாள். கீழக்குயில்குடியில் சமணர் மலையடிவாரத்தில் தள்ளி நின்று, முதல் வௌவால் தென்படும் நேரத்தைக் குறிக்கிறாள். டார்ச் அடிப்பதில்லை, குகைக்குள் போவதும் இல்லை. மதுரையில் நவம்பரில் 6 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஜூலை தொடக்கத்தில் 6.40 தாண்டும். வௌவால்களும் அதற்கேற்ப நகர்கின்றன.

"அப்ப அதுங்களுக்குள்ள கடிகாரம் இருக்குல்ல சித்தப்பா?"

அந்த நோட்டை வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது. வெறுமனே வெளிச்சம் மங்குவதைப் பார்த்துக் கிளம்பினாலும் இதே எண்கள்தான் வரும். பிரித்தறிய வேண்டுமென்றால் சூரியனை மறைக்க வேண்டும்.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன், ஜி. மாரிமுத்து குழுவினர் 1970-களின் பிற்பகுதி தொடங்கிச் செய்தது அதைத்தான். இலைமூக்கு வௌவால் ஒன்றைக் கூண்டிலிட்டு, வேறு வௌவால் இல்லாத இருட்டுக் குகையில் வைத்து அதன் அசைவைப் பதிவு செய்தார்கள். ஏறக்குறைய நாளுக்கு ஒருமுறை அது சுறுசுறுப்பானது. ஆக, கடிகாரம் உள்ளேதான் இருக்கிறது. ஆனால் அதன் சுற்று சரியாக 24 மணி நேரமாக இல்லை; தினமும் கொஞ்சம் விலகிக்கொண்டே போனது. தன் இனத்தவை வாழும் குகையில் வைத்ததும் விலகல் நின்றுவிட்டது. சுற்றத்தார் கிளம்பும் நேரமே இதற்கும் நேரம்! உயிரியல் வகைப்பாட்டில் வேறு குடும்பத்தைச் சேர்ந்த வௌவாலை அங்கே வைத்தபோது பலிக்கவில்லை. அக்கம்பக்கத்தைச் சட்டை செய்யாமல் தன்போக்கில் ஓடியது. எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது.

அந்தக் கடிகாரம் செல்லுக்குள் இருக்கிறது. ஒரு மரபணு புரதம் தயாரிக்கிறது. புரதம் சேரச் சேர, அந்த மரபணுவையே அடக்கிவிடுகிறது, மேல்தொட்டி நிரம்பியதும் மோட்டார் தானாக நிற்பதுபோல. புரதம் சிதைந்து குறைந்ததும் தயாரிப்பு மறுபடி தொடங்கும். ஒரு சுற்றுக்குச் சுமார் 24 மணி நேரம். பழ ஈக்களில் இந்த இயக்கத்தைக் கண்டறிந்த மூவருக்கு 2017-ல் மருத்துவ நோபல் கிடைத்தது. பாலூட்டிகளின் தலைமைக் கடிகாரம் மூளையில், பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. கண்வழி வரும் வெளிச்சம் அதைத் தினமும் திருத்திவைக்கிறது.

சூரியனை மறைக்க அவளால் முடியாது, மேகத்தால் முடியும். மப்பான மாலைகளில் வௌவால்கள் வழக்கத்துக்கு முன்பே கிளம்பினால் வெளிச்சத்துக்கும் பங்கு உண்டு என்று அர்த்தம். மழை கொட்டினால் மட்டும் அந்த நாளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பூச்சி தேடிப் போக வௌவாலே தயங்கும். சாயங்காலம் அவளுக்குச் சிலம்ப வகுப்பு வேறு இருக்கிறது. ஐப்பசியில் வானம் இருட்டினாலே வாத்தியார் வகுப்பை நிறுத்திவிடுவதால், அப்படிப்பட்ட மாலைகளுக்குப் பஞ்சமில்லை.