கணக்கிலிருந்து பணம் பறிபோனால்: மூன்று வேலைநாள் விதியும் 1930-ம்

நீங்கள் செய்யாத ஒரு பரிமாற்றம் உங்கள் வங்கிக் கணக்கில் நடந்து பணம் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்த நஷ்டம் யார் தலையில் விழும்? ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்றே இதற்கு விதி போட்டுவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் கூட்டுறவு வங்கிகளுக்கும், 2019 ஜனவரியில் வாலட் நிறுவனங்களுக்கும் இதே போன்ற விதி வந்தது. அப்படியிருந்தும் பணத்தை இழந்த பலர், போனது போனதுதான் என்று விட்டுவிடுகிறார்கள். கிளைக்குப் போனால் "போலீஸில் புகார் கொடுங்க" என்கிறார்கள், காவல் நிலையத்தில் "பேங்க்ல கேளுங்க" என்கிறார்கள். இந்த அலைச்சலில்தான் நாள் ஓடிவிடுகிறது. உண்மையில் இரண்டு இடத்திலும் புகார் கொடுக்க வேண்டும். ஒன்று கொடுத்தால் மற்றது தேவையில்லை என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

முதலில் 1930

இது மத்திய உள்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்கும் சைபர் குற்ற உதவி எண். 2021-ல் தொடங்கியபோது 155260 என்று இருந்தது, பிறகு 1930 ஆனது. மோசடிக்காரரின் கணக்கில் விழுந்த பணம் அங்கேயே உட்கார்ந்திருக்காது. சில நிமிடங்களில் இரண்டு மூன்று கணக்குகளுக்குப் பிரிந்து, கடைசியில் ஏதோ ஓர் ஏடிஎம்மில் ரொக்கமாக வெளியே வந்துவிடும். 1930-க்கு நீங்கள் சொல்லும் விவரம், பணம் போய்ச் சேர்ந்த வங்கியின் திரைக்கே போகிறது. பணம் அங்கே இருந்தால் நிறுத்திவைப்பார்கள். அடுத்த வங்கிக்கு நகர்ந்திருந்தால் தகவலும் அந்த வங்கிக்கு நகரும். ரொக்கமாக எடுப்பதற்கு முன் பிடித்தால்தான் உண்டு. அதனால் வீட்டில் யாரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது என்ற யோசனையெல்லாம் அப்புறம். முதல் அழைப்பு இந்த எண்ணுக்குத்தான்.

அழைக்கும்போது உங்கள் கணக்கு எண், பரிமாற்ற எண் (யுபிஐ என்றால் 12 இலக்க யுடிஆர்), தொகை, நேரம் ஆகியவை கையில் இருக்கட்டும். பதிவானதும் எஸ்எம்எஸ்ஸில் ஓர் ஒப்புகை எண் வரும். அந்த எண்ணை வைத்து 24 மணி நேரத்துக்குள் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் முழு விவரத்தையும் ஏற்ற வேண்டும். தளத்தின் முகவரி சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன். பலர் போனில் சொன்னதோடு முடிந்தது என்று நினைத்து இந்த இரண்டாவது படியை விட்டுவிடுகிறார்கள்.

காவல் நிலையத்துக்கு நேரில் போவதானால், "இது எங்க லிமிட் இல்லை" என்ற பதிலோடு திரும்பி வர வேண்டியதில்லை. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவின்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகாரைப் பதிவு செய்யலாம்.

அடுத்தது வங்கி

விதியின் மையம் இதுதான். தவறு வங்கியுடையது என்றால், நீங்கள் எப்போது சொன்னாலும் நஷ்டம் முழுக்க வங்கிக்கே. தவறு வங்கியிடமும் இல்லை, உங்களிடமும் இல்லை, இடையில் வேறு எங்கோ ஓட்டை விழுந்திருக்கிறது என்றால், வங்கியிடமிருந்து தகவல் வந்த 3 வேலைநாளுக்குள் நீங்கள் தெரிவித்தால் உங்கள் பொறுப்பு சுழியம். 4 முதல் 7 வேலைநாளுக்குள் சொன்னால், ஓர் உச்சவரம்பு வரை மட்டும் உங்களுக்கு. எளிய சேமிப்புக் கணக்குக்கு (குறைந்தபட்ச இருப்பு கேட்காத கணக்கு) 5,000 ரூபாய். மற்ற சேமிப்புக் கணக்குகளுக்கும், 5 லட்சம் வரை வரம்புள்ள கிரெடிட் கார்டுகளுக்கும், சிறு தொழில்களின் நடப்புக் கணக்குகளுக்கும் 10,000. அதற்கு மேற்பட்டவற்றுக்கு 25,000. போன தொகை இதைவிடக் குறைவு என்றால் அந்தத் தொகை மட்டும். 7 நாளையும் தாண்டினால் வங்கி நிர்வாகக் குழு வகுத்த கொள்கைப்படி நடக்கும்.

உதாரணமாக, சேமிப்புக் கணக்கிலிருந்து 60,000 போய், ஐந்தாவது வேலைநாளில் நீங்கள் சொன்னால், 10,000 உங்கள் நஷ்டம், 50,000 வங்கியின் நஷ்டம். முதல் மூன்று நாளில் சொல்லியிருந்தால் அந்தப் பத்தாயிரமும் மிஞ்சியிருக்கும்.

நாள் கணக்கிடும் முறையும் நமக்குச் சாதகம்தான். தகவல் வந்த நாள் சேராது. கணக்கு இருக்கும் கிளையின் வேலைநாள் மட்டுமே சேரும். வெள்ளிக்கிழமை எஸ்எம்எஸ் வந்து, மறுநாள் இரண்டாம் சனி என்றால், திங்கள்தான் முதல் நாள், புதன் மூன்றாம் நாள். புதன் வரை காத்திருக்கலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், சட்டப்படியான எல்லை எங்கே என்பதற்காகச் சொல்கிறேன்.

புகாரை 24 மணி நேரமும் வாங்க வங்கி வழி வைத்திருக்க வேண்டும். வாங்கியவுடன் புகார் எண் தர வேண்டும். தெரிவித்த 10 வேலைநாளுக்குள் போன தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமான வரி ஒன்று உண்டு: வாடிக்கையாளர் மீதுதான் தவறு என்று நிரூபிக்கும் சுமை வங்கியுடையது. "நீங்கதான் ஓடிபி கொடுத்திருப்பீங்க" என்று கவுண்டரில் சொல்வது நிரூபணம் ஆகாது. அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

சரி, உண்மையிலேயே ஓடிபியைச் சொல்லிவிட்டீர்கள் என்றால்? அது கவனக்குறைவுதான், ஆனால் அதோடு எல்லாம் முடிந்துவிடாது. வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போனது உங்கள் நஷ்டம், தெரிவித்த பிறகு போவது வங்கியின் நஷ்டம். காலை 10 மணிக்கு 20,000 போகிறது, 10.20-க்கு வங்கிக்குச் சொல்கிறீர்கள், 10.40-க்கு இன்னொரு 30,000 போகிறது. அந்த 30,000-ஐ நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. ஏமாந்துவிட்டோமே என்ற வெட்கத்தில் பேசாமல் இருந்துவிடுபவர்கள் இழப்பது இந்த உரிமையைத்தான். ஏமாந்தவர் குற்றவாளி இல்லை, வெட்கப்பட வேண்டியது ஏமாற்றியவர்.

வங்கி 30 நாளில் பதில் சொல்லவில்லை அல்லது சொன்ன பதில் திருப்தியில்லை என்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. உதவி எண் 14448.

விதிக்கு வெளியே இருப்பவை

இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். மேலே சொன்ன பாதுகாப்பு 'நீங்கள் அனுமதிக்காத' பரிமாற்றத்துக்கு மட்டும்தான். பங்குச்சந்தை லாபம் என்று ஒரு வாட்ஸ்அப் குழு சொன்னதை நம்பி நீங்களே ரகசிய எண்ணை (PIN) அழுத்தி அனுப்பினால், வங்கி அதை உங்கள் சம்மதத்தோடு நடந்ததாகத்தான் பார்க்கும். 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று வீடியோ அழைப்பில் மிரட்டிப் பறிப்பதும் அப்படியே. மிரட்டலுக்குப் பயந்து அனுப்பிய பணத்தையும் சம்மதம் என்று கணக்கில் வைப்பது நியாயமாக எனக்குப் படவில்லை. இந்த மாதிரி சமயத்தில் 1930 ஒன்றுதான் கைகொடுக்கும். நிறுத்திவைக்கப்பட்ட பணத்தை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மனுப் போட்டுத் திரும்பப் பெறலாம். அப்புறம், வீடியோ அழைப்பில் கைது செய்ய இந்தியச் சட்டத்தில் இடமே இல்லை. போலீஸ், சிபிஐ, சுங்கத்துறை என்று யார் பெயரில் வந்தாலும் தொடர்பைத் துண்டிக்கலாம், அதனால் உங்கள் மீது எந்த வழக்கும் வராது.

இன்னொரு வகை, வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பு. கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராத ரசீது, வங்கி கேஒய்சி என்று பெயர் போட்டு வரும். பத்திரிகை என்றால் படமாகவோ பிடிஎஃப் ஆகவோதான் வரும், ஏபிகே என்பது ஒரு செயலி. அதை நிறுவி எஸ்எம்எஸ் அனுமதி கொடுத்துவிட்டால், ஓடிபியை நீங்கள் யாரிடமும் சொல்லாமலே அது போய்ச் சேர்ந்துவிடும். தெரியாமல் நிறுவியிருந்தால் முதலில் இணையத்தைத் துண்டித்து, வேறொரு போனிலிருந்து வங்கிக்கும் 1930-க்கும் அழையுங்கள். யுபிஐ விஷயத்தில் ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். பணம் வாங்குவதற்கு ரகசிய எண் (PIN) தேவையே இல்லை.

கடைக்காரர்களின் கணக்கு முடங்கினால்

இது பெருகிவரும் துயரம். மளிகைக் கடையிலோ தையல் கடையிலோ யாரோ ஒருவர் க்யூஆர் கோட் ஸ்கேன் செய்து பணம் கொடுத்துவிட்டுப் போகிறார். அது வேறு யாரிடமிருந்தோ திருடிய பணம். சங்கிலியைத் தொடர்ந்து வரும் போலீஸ் கோரிக்கையால் கடைக்காரரின் கணக்கு முடங்குகிறது. அப்போது வங்கியில் மூன்று விவரங்களை எழுத்தில் கேளுங்கள்: புகாரின் ஒப்புகை எண், எந்த மாநிலத்தின் எந்தக் காவல் நிலையம், சந்தேகத்துக்குரிய தொகை எவ்வளவு. பிறகு அந்தப் பரிமாற்றத்துக்கான பில்லோடு விசாரணை அதிகாரிக்கு எழுதி, அந்தத் தொகையை மட்டும் நிறுத்திவைத்து மீதியை விடுவிக்கக் கோரலாம். தொழில் பணமும் வீட்டுப் பணமும் ஒரே கணக்கில் இருந்தால் இரண்டும் சேர்ந்து முடங்கும், பிரித்து வைப்பது நல்லது. கமிஷன் தருகிறேன், உன் கணக்கைக் கொடு என்று கேட்பவருக்குக் கொடுத்தால் கணக்கு முடங்குவதோடு நிற்காது, நீங்களே குற்றம்சாட்டப்பட்டவர் ஆகிவிடுவீர்கள். கல்லூரிப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதைக் கட்டாயம் பேச வேண்டும்.

உங்கள் பெயரில் உங்களுக்குத் தெரியாமல் சிம் ஏதும் இருக்கிறதா என்பதைத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். உங்களுடையது இல்லாத எண்ணை அங்கேயே புகார் செய்து துண்டிக்க வைக்கலாம். தொலைந்த போனை முடக்கும் வசதியும் அதே இடத்தில் உண்டு.

கடைசியாக, வாட்ஸ்அப்பை நம்பித் தொழில் செய்பவர்களுக்கு. அமைப்புகளில் இரண்டு-படி சரிபார்ப்பை இன்றே போட்டுவிடுங்கள். பதிவு செய்யும்போது வரும் 6 இலக்க எண்ணை, தெரிந்தவர் கேட்டாலும் கொடுக்காதீர்கள், அவருடைய கணக்கே கைமாறியிருக்கலாம். உங்கள் வாட்ஸ்அப் கணக்கை ஒருவர் பிடித்துக்கொண்டு உங்கள் பெயரில் ஏமாற்றினால் அது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி, 66டி பிரிவுகளின் கீழ் குற்றம், 3 ஆண்டு வரை சிறை உண்டு. கணக்கு பறிபோனதற்கான புகாரை நீங்கள் கொடுங்கள். உங்களை நம்பி அந்தப் போலி ஆளுக்குப் பணம் அனுப்பிய வாடிக்கையாளர் தன் கணக்கு விவரத்தோடு தனியாக 1930-க்கு அழைக்க வேண்டும், அதையும் அவரிடம் உடனே சொல்லிவிடுங்கள்.