ஃப்ரெயில்டி: தள்ளாமையா, நொய்ம்மையா?

போன மாதம் அப்பத்தாவைக் காரைக்குடியில் டாக்டரிடம் காட்டினோம். சீட்டின் ஓரத்தில் அவர் எழுதியிருந்த ஒரு சொல், ‘ஃப்ரெயில்’. வீட்டுக்கு வந்ததும் சித்தப்பா அதைப் ‘பலவீனம்’ என்று எல்லோருக்கும் சொன்னார். மறுநாளே சத்துமாவும் டானிக்கும் வந்து இறங்கிவிட்டன.

அந்த ஆங்கிலச் சொல்லுக்கு, அதன் பெயர்ச்சொல்லான ஃப்ரெயில்டிக்கு (frailty), சரியான தமிழ் எது? பலவீனம் என்பது தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்த இருபது வயதுப் பையனுக்கும் பலவீனம்தான், நாலு நாள் கஞ்சி குடித்தால் எழுந்துவிடுவான். ஃப்ரெயில்டி அப்படிப்பட்டதில்லை. வயது ஏற ஏற உடம்பு முழுவதும் சேர்த்து வைத்திருந்த கையிருப்பு கரைந்துபோய், ஒரு சளியோ, ஒரு புது மாத்திரையோ, ஈரத் தரையில் ஒரு வழுக்கலோ ஆளையே சாய்த்துவிடக்கூடிய நிலை அது. நோய் இல்லாமலும் அது வரும்.

இந்த நிலையை அளக்க ஒரு வழி சொன்னவர்களில் முக்கியமானவர் அமெரிக்க மருத்துவர் லிண்டா ஃப்ரீட். 65 வயதைத் தாண்டிய 5,317 பேரின் தகவல்களை வைத்து, 2001-இல் அவரும் கூட்டாளிகளும் ஐந்து அடையாளங்களைக் குறித்தார்கள்: தானாக எடை குறைவது, எப்போதும் அசதி, கைப்பிடி வலு குறைவது, நடை மெதுவாவது, நடமாட்டம் சுருங்குவது. மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் ஃப்ரெயில்டி. ஒன்றோ இரண்டோ இருந்தால் அதற்கு முந்தைய படி. தானே குளிக்கவோ உடுத்தவோ முடியாமல் போவது இதிலிருந்து வேறு என்பதையும் அவர்கள் தெளிவாகப் பிரித்தார்கள். அதற்குத் தமிழில் ‘இயலாமை’ இருக்கிறது.

இதைப் படித்தபோது எனக்கு அப்பத்தாவின் கைதான் கண்ணில் நின்றது. தேன்குழல் அச்சை ஒரே அழுத்தில் பிழிந்த கை. இப்போது மாத்திரை டப்பா மூடியைத் திறக்க என்னைக் கூப்பிடுகிறார். வளையல் முழங்கை வரைக்கும் ஏறுகிறது. வீட்டு முற்றமான வளவிலிருந்து இரண்டாம் கட்டுக்குப் போக ஒவ்வொரு தூணாகத் தொட்டுத் தொட்டு நடக்கிறார். நாலாவது தூணில் நிற்பார். “என்ன அப்பத்தா?” என்று கேட்டால், “ஒண்ணுமில்லப்பா, தள்ளலை” என்பார்.

சரி, சொல் அங்கேயே கிடக்கிறது. தள்ளாமை. ‘தள்ளாத வயசு’ என்று நாம் தினமும் சொல்கிறோமே, அதுதான். ‘எனக்குத் தள்ளலை’ என்பதில் நோயின் பெயர் கிடையாது, வலி கிடையாது. உடம்பை ஓட்டிச்செல்லும் தெம்பு குறைந்துவிட்டது என்பது மட்டும்தான் இருக்கிறது. ஃப்ரீட் சொல்வதும் அதையேதான். இருபது வயதுக்காரனின் காய்ச்சல் சோர்வைத் தள்ளாமை என்று யாரும் சொல்ல மாட்டோம். முதுமையைக் கூடவே சுமந்து வரும் சொல் என்பதால் பலவீனத்தைவிட இது எவ்வளவோ பொருத்தம். குறளில் வரும் ‘தள்ளா விளையுள்’ வேறு; அங்கே ‘தள்ளா’ என்றால் குறையாத என்று பொருள். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. ‘ஃப்ராஜிலிஸ்’ என்றால் எளிதில் உடையக்கூடியது. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, முதலில் மனத்தின் பலவீனத்தையும் ஒழுக்கத் தடுமாற்றத்தையும் குறித்தது. மருத்துவம் அதை முதுமைக்கு எடுத்துக்கொண்டது வெகு பிற்பாடுதான்.

மருத்துவர்களுக்குத் தள்ளாமை போதும். ஆனால் மக்கள்தொகை ஆய்வாளர்களும் இதே சொல்லை எடுத்து, வேறொரு பொருளில் வைத்திருக்கிறார்கள். 1979-இல் ஜேம்ஸ் வாபல், கென்னத் மாண்டன், எரிக் ஸ்டல்லார்ட் மூவரும் எழுதிய கட்டுரையில், ஃப்ரெயில்டி என்பது ஒரே வயதுக்காரர்களுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் வித்தியாசம். ஒருவருக்குச் சாவின் வாய்ப்பு இயல்பிலேயே கூடுதல், இன்னொருவருக்குக் குறைவு. அந்தக் கணக்கில் குழந்தைக்கும் ஃப்ரெயில்டி உண்டு. குழந்தைக்குத் தள்ளாமை என்று சொன்னால் அப்பத்தா சிரிப்பார்.

இங்கே நான் வைக்கும் சொல் நொய்ம்மை. நொய் என்றால் உடைந்த அரிசி. உடைதல்தான் லத்தீன் வேரும், அதனால் பொருள் அப்படியே உட்காருகிறது. அரிசியைச் சல்லடையில் போட்டுச் சலித்தால் நொய் முதலில் கீழே இறங்கிவிடும். சலிக்கச் சலிக்க மேலே நிற்பது முழு அரிசி. வாபல் சொன்னதும் இதைத்தான்: நொய்ந்தவர்கள் முன்னாடியே போய்விடுகிறார்கள், அதனால் தொண்ணூறைத் தாண்டி மிஞ்சியிருப்பவர்கள் அந்தத் தலைமுறையின் சராசரி ஆட்கள் இல்லை. அவர்களை மட்டும் பார்த்து மொத்தத் தலைமுறையையும் எடைபோட்டால் கணக்குத் தப்பும். வாபல் 1996-இல் ஜெர்மனியின் ரோஸ்டாக் நகரில் மக்கள்தொகை ஆய்வுக்கான மேக்ஸ் பிளாங்க் நிறுவனத்தின் முதல் இயக்குநரானார். 2022-இல் மறைந்தார்.

நம் நாட்டிலும் இந்த அளவைகள் வந்துவிட்டன. மும்பையில் உள்ள பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் 2017-18-இல் நடத்திய முதுமை பற்றிய ஆய்வில், 45 வயதுக்கு மேற்பட்டவர்களும் அவர்களுடைய துணைவர்களுமாக 72 ஆயிரத்துக்கும் அதிகமானோர் இருந்தார்கள். கைப்பிடி வலுவையும் நடை வேகத்தையும் அதில் அளந்தார்கள்.

அப்புறம், ஐந்தில் ஒன்றோ இரண்டோ அடையாளம் மட்டும் இருக்கும் அந்த முந்தைய படிக்கு ஒரு சொல் வேண்டும். ‘முன்தள்ளாமை’ என்று ஒட்டவைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் முதலில் “ஆளு தளந்துட்டாங்க” என்பார்கள், சில வருஷம் கழித்துத்தான் “தள்ளலை” என்ற பேச்சு வரும். ஆகவே தளர்ச்சி. இந்த வரிசை ஒருவழிப் பாதையும் இல்லை. யேல் பல்கலைக்கழகத்தின் தாமஸ் கில், 70 வயதுக்கு மேற்பட்ட 754 பேரைச் சில ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2006-இல் எழுதினார். சரிந்தவர்களில் சிலர் ஒரு படி மேலே ஏறியும் வந்தார்கள். தள்ளாமையிலிருந்து தளர்ச்சிக்கு.

அப்பத்தாவின் மருந்து நோட்டில் ‘பலவீனம்’ என்பதை அடித்துவிட்டுத் ‘தள்ளாமை’ என்று எழுதிவைத்திருக்கிறேன். டானிக் பாட்டில் அலமாரியில் இருக்கிறது. சாயங்காலம் வளவில் என் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு சுற்று நடக்கிறார். நேற்று ஐந்தாவது தூண் வரை நிற்காமல் வந்தார்.