ஹாலோத்தேன் ஈரலழற்சி

"ஏனுங்காத்தா, முந்தி ஆப்பரேசன் ஏதாச்சும் ஆயிருக்குதுங்களா?" என்று ஈரோட்டுப் பக்கம் ஒரு டாக்டர் கேட்டால், "ஆமாங் கண்ணு, மயக்க ஊசி போட்டு அறுத்தாங்க" என்றுதான் பதில் வரும். முதுகில் குத்தியதோ, மூச்சில் கொடுத்ததோ, எங்கள் பக்கம் எல்லாமே மயக்க ஊசிதான். ஆனால் ஹாலோத்தேன் ஈரலழற்சி என்ற இந்தக் கல்லீரல் நோய் மூச்சில் போகும் மயக்க மருந்தால் வருவது. இதற்கு நான் தேடும் தமிழ்ப் பெயரில் அந்த மூச்சு தெரிந்தாக வேண்டும்.

ஹாலோத்தேன் என்பது ஹாலோஜன் என்ற தனிம வகையும் ஈத்தேன் என்ற வாயுவும் சேர்ந்த பெயர். கிரேக்கத்தில் 'ஹால்ஸ்' உப்பு. உப்பை ஈனுவது ஹாலோஜன். தமிழில் உப்பீனி என்கிறோம், எனக்கு மிகப் பிடித்த ஆக்கம். 1951இல் இங்கிலாந்தில் உருவான இந்த மருந்தை 1956இல் மான்செஸ்டரில் நோயாளிகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். ஈதர் என்ற பழைய மயக்க மருந்தைப் போலத் தீப்பற்றாது என்பதால் விரைவில் உலகெங்கும் பரவியது. காமாலைச் சாவுகள் பிறகுதான் கண்ணில் பட்டன. 1960களில் அமெரிக்காவில் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகளை ஆராய்ந்தார்கள். ஹாலோத்தேனால் உயிரைப் பறிக்கும் ஈரல் சிதைவு ஏறத்தாழ 35,000 பேரில் ஒருவருக்கு என்று கணக்கு வந்தது.

மயக்கம் என்ற சொல்லையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். நமக்கு அது கிறுகிறுப்பு, நினைவிழப்பு. இலக்கணத்திலோ மயங்குதல் என்றால் கலத்தல். மெய்யோடு மெய் சேர்வது மெய்ம்மயக்கம். ஈரலுக்குள் நடப்பதும் அப்படியொரு கலப்புத்தான். உள்ளே போன ஹாலோத்தேனில் சுமார் 20 விழுக்காடு ஈரலில் சிதைகிறது. சிதைந்த துணுக்கு ஈரலின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ள, உடம்பின் காவற்படை தன் புரதத்தையே அயலானாக எண்ணித் தாக்குகிறது. அதனால்தான் முதல் தடவை தப்பியவருக்கு, சில வாரங்களுக்குள் மறுபடி கொடுத்தால் ஆபத்து கூடுகிறது. மூச்சில் கொடுக்கும் இன்னொரு மயக்க மருந்தான ஐசோஃபுளூரேன் ஒரு விழுக்காடுகூடச் சிதைவதில்லை. அதில் இந்நோய் மிக அரிது.

கல்லீரல் நம் சொல். நுரையீரல் நுரைபோல, இது கெட்டி. கறிக்கடையில் தொட்டுப் பார்த்தாலே தெரியும். அழற்சி, அழலிலிருந்து வந்தது. மீதி 'மூச்சில் போவது' என்பதற்கான சொல். 'நுகர்' நல்ல சொல்தான், ஆனால் இன்று நுகர்வோர் என்றால் கடைக்குப் போகிறவர். ஆகவே என் தேர்வு: மூச்சுமயக்கமருந்துக் கல்லீரல் அழற்சி. நீளம்தான், மூச்சை விட்டுவிடச் சம்மதமில்லை.

ஆத்தாவிடம் அத்தனை நீளம் வேண்டாம். "மூக்குல மூடி வெச்சு மூச்சுல குடுத்தாங்களா? அப்பறம் ரெண்டு வாரத்துக்குள்ள காச்சலு, மஞ்சக்காமாலை ஏதாச்சும் வந்துச்சுங்களா?" என்று கேட்டால் போதும்.